மாவு பொங்கவில்லை, லாத்தா

முதலில் 'டொப்' என்று ஒன்று கேட்டிருக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் கண்ணாடித் துண்டுகள் டைல்ஸ் தரையில் உருண்டு ஓடுகிற சத்தம். அதற்கும் பிறகுதான் செலின் அழுதது. அந்த வரிசையில்தானே லாத்தா உங்களுக்குக் கீழே கேட்டது? இஷா பாங்கு முடிந்து தெருவே அடங்கியிருந்ததால் அவ்வளவு பெரிதாகக் கேட்டிருக்கும். பகலாக இருந்தால் ரோட்டுச் சத்தத்தோடு சத்தமாகப் போயிருக்கும்.

குக்கர் என்று வாசலில் நான் சொன்னது பொய். நீங்கள் நம்பவில்லை என்பதும் உங்கள் மூக்கைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. "குக்கர்னா பருப்பு வாசம்ல வரணும், இது என்ன புள்ள புளிச்ச வாசம்?" என்று கேட்டீர்கள். உள்ளே வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

உட்காருங்கள். சோஃபாவில் வேண்டாம், இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில். சோஃபாவில் நானே உட்காருவதில்லை, காரணம் அப்புறம் சொல்கிறேன். அந்த ரூம் கதவை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இன்னும் இருக்கிறது. செலினுக்கு ஒன்றுமில்லை. சத்தம் கேட்டபோது அவள் அடுக்களையில் என் இடுப்பில் இருந்தாள். பயந்து அழுதாள், அவ்வளவுதான். இப்போது பாருங்கள், சிரிக்கிறாள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் உள்ளே கூப்பிட்டேன். கீழே ஹாரிஸ் கேட்பார். கட்டடத்துக்குக் காவல் இருக்கிறவருக்கு அந்தச் சத்தம் கேட்காமல் இருந்திருக்காது. அவரிடம் நீங்கள் குக்கர் என்று சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால் மேலே ஏறி வந்து பார்ப்பார். நீங்கள் சொன்னால் போதும். நோன்பு மாதம் முழுக்க உங்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்த மனுஷன், உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டார்.

பொய் சொல்லச் சொல்கிறேன், தெரிகிறது. எதற்காக என்று தெரிந்தால் எழுந்தே போய்விடுவீர்கள். அதனால் முழுக்கக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அது பியர், லாத்தா.

சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனாலும் சொல்லிவிட்டேன். குடித்தாலே பிடித்து உள்ளே போடுகிற இந்தத் தம்மாமில், இந்தக் கட்டடத்தில், உங்கள் தலைக்கு நேர் மேலே.

நான் குடிக்கிறவள் இல்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன், குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி. பார்க்காமல் எப்படி லாத்தா சரி செய்வது? காய்ச்சுகிறவளும் நான் இல்லை. அது இவருடைய வேலை. நான் கூடமாட ஒத்தாசை, அவ்வளவுதான்.

இவருடைய பிளான்ட்டில் அருமைநாயகம் என்று ஒருவர் இருந்தார், திசையன்விளைக்காரர். லேபர் கேம்ப்பில் யாரோ கேனில் கொண்டுவந்து விற்ற சாராயத்தைக் குடித்துக் கண் போய்விட்டது. ஊருக்கு அனுப்பும்போது ஏர்போர்ட்டில் அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனது இவர்தான். இவரும் அதே கேனில்தான் குடித்திருக்கிறார். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. குடித்துவிட்டு வந்த ராத்திரி பாத்ரூம் தரையில் படுத்துக்கொண்டு, "எமி, லைட்டு எரியுதா பாரு" என்று கேட்டார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது லாத்தா.

எரிகிறது என்று சொல்வதா, எரியவில்லை என்று சொல்வதா என்று தெரியாமல் நின்றேன். எரியவில்லை, கரண்ட் போய்விட்டது என்று சொன்னேன். விடிந்ததும் பார்வை தெளிந்துவிட்டது. செலின் தலையில் கை வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சொன்னார். அந்தச் சத்தியம் அடுத்த வியாழக்கிழமைவரை இருந்தது.

அந்த வியாழக்கிழமை, மறுநாள் லீவு என்று, கேம்ப்புக்குப் போகக் கிளம்பினவரை வாசலில் மறித்தேன். நான்தான் கேட்டேன், "வீட்டுலயே சுத்தமா ஏதாவது பண்ணிக் குடிச்சா என்ன?" என்று. சண்டைக்குச் சொன்னது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மளிகைக் கடையில் விற்கிற போதையில்லாத மால்ட் பானம், சீனி, ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட். மூன்றையும் தண்ணீர் கேனில் ஊற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே போர்வையைத் தொங்கவிட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி ரூம்ல பசங்க பண்ணுவானுக" என்றார்.

என்ன வந்தது தெரியுமா? பழைய சோற்றுத் தண்ணீரில் சோப்பைக் கரைத்த மாதிரி ஒன்று. முகத்தைச் சுளித்துச் சுளித்து மொத்தத்தையும் குடித்தார். குடித்துவிட்டு, "இதுக்கு அந்தக் கேனே தேவல" என்றார்.

அந்தக் கேனே தேவலை. அதைக் கேட்ட பிறகு நான் சும்மா இருக்க முடியுமா?

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. உங்களிடம் சொன்னதில்லை, கேட்கிறவர்களும் இங்கே யாரும் இல்லை. எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் கையில்தான் லேப் இருந்தது. குடுவையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். "எமல்டா, கழுவின மாதிரி இருக்கு. கழுவலை" என்பார்கள். ஒரு பிரிவேளை முழுக்கக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்தக் கண்ணோடு இவருடைய கேனைப் பார்த்தேன். அடியில் பாசி பிடித்திருந்தது லாத்தா. மனுஷன் அதைக் குடித்திருக்கிறார்.

செலின் பால் பாட்டிலுக்கு என்ன செய்வேனோ அதையே செய்தேன். கொதிக்கும் தண்ணீரில் போட்டு, இடுக்கியால் எடுத்து, துணி படாமல் கவிழ்த்து வைத்து. ஒரே சட்டியில்தான் இரண்டும் கொதிக்கும், முதலில் அவளுடையது, அப்புறம் இவருடையது. சீனியைக் குறைத்தேன். சூடு ஆறின பிறகு ஈஸ்ட் போட்டேன், இவர் சூட்டோடு போட்டுக் கொன்றுகொண்டிருந்தார். கேன் வாயில் ரப்பர் கையுறை ஒன்றை மாட்டி, விரல் நுனியில் ஊசியால் துளை போட்டேன். உள்ளே புளிக்கப் புளிக்கக் காற்று ஏறி, கையுறை ஐந்து விரலோடு எழுந்து நிற்கும். பதில் தெரிந்த பிள்ளை வகுப்பில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அப்படி. செலின் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். இவர் வேலை விட்டு வந்தவுடன், "டீச்சர், ஒங்க பிள்ளைக்கு ஏதோ டவுட்டாம், கை தூக்கிட்டு நிக்கி" என்பார்.

ஊரில் கொஞ்ச நாள் டீச்சராக இருந்தவள் நான். கல்யாணமாகி வந்த பிறகு என்னை ஒருவர் டீச்சர் என்று கூப்பிட்டது அப்போதுதான்.

நன்றாக வந்தது லாத்தா. பாவம்தான், ஆனால் நன்றாக வந்தது. தெளிந்து, தேன் நிறத்தில், மேலே வெள்ளையாய் ஒரு விரல் நுரை நிற்கும். ஒரு மடக்குக் குடித்துவிட்டு இவர் கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எமி, இது கடைச் சரக்குட்டி" என்றார். அந்த வியாழக்கிழமை கேம்ப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. சோஃபாவில் உட்கார்ந்து மெதுவாகக் குடித்தார், செலினை வயிற்றில் போட்டுக்கொண்டு தூங்கினார். நான் ஜெபமாலையை எடுத்து நன்றி சொன்னேன். எதற்கு நன்றி சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை.

போனில் 'மாவு' என்று சொல்வோம். நீங்கள்கூடக் கேட்டிருப்பீர்கள், ஜன்னலோரம் நின்று நான் பேசுவது உங்கள் பால்கனிக்கு இறங்கும். "மாவு பொங்கிடுச்சா?" "பொங்கிடுச்சு, நாளைக்கு எடுக்கலாம்." போனை யார் ஒட்டுக்கேட்டாலும் இட்லிக்காரி வீடு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று இவர் கண்டுபிடித்த வார்த்தை. அந்த வார்த்தையாலேதான் எல்லாம் வந்தது. சொல்கிறேன்.

ஒருநாள் ஒரு சிநேகிதரைக் கூட்டிவந்தார். அவருக்கு ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்திருந்தது, பாவம், ஒரு டம்ளர் கொடுத்தேன். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அவர் வேறு யாரிடமோ சொன்னார். வியாழக்கிழமை ஆனால் வந்துவிடுவார்கள். "மாவு இருக்கா சிஸ்டர்?" எல்லாருக்கும் நான் சிஸ்டர். வெறுங்கையோடு வரக்கூடாது என்று டிபன் பாக்ஸ், தூக்குவாளி எல்லாம் கொண்டுவருவார்கள். மாடிப்படியில் உங்கள் எதிரிலேயே ஒருவர் தூக்குவாளியோடு போனாராமே? "ஒன் வீட்டு மாவுக்கு இம்புட்டு கிராக்கியா புள்ள, எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பேன்" என்று நீங்கள் கேட்டீர்கள். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து உளுந்து ஊறப்போட்டு, மிக்ஸியில் அரைத்து, நிஜமாகவே மாவு செய்து உங்களுக்கு அனுப்பினேன். கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினீர்கள்.

கதவைத் தாழ் போடக்கூடாது என்று இவர் சொன்னது அப்போதுதான். "தாழ்ப்பாள் போட்டா தட்டுவானுக. தட்டினா ஹாரிஸ் எட்டிப் பாப்பான். சும்மா சாத்தி வை, வர்றவன் சத்தமில்லாம வந்துட்டுப் போயிருவான்." கைப்பிடியைத் திருகினால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். மேலே தாழ்ப்பாள் இருக்கிறது பாருங்கள், துருப்பிடித்துப்போயிருக்கும். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம், கதவு திறக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பேன், கதவு திறக்கும். செலினுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் திறந்தது.

அது ஃபோர்மேன் ஜெயசிங். இவருக்கு மேலே இருக்கிறவர். இகாமா இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க முடியாதே, அதைப் புதுப்பிக்க வேண்டிய இவருடைய காகிதத்தில் அவர் ஒரு வார்த்தை எழுதினால்தான் மேலே நகரும். "சாரி சிஸ்டர்" என்றார். சொன்னவர் வெளியே போகவேண்டும் இல்லையா? சோஃபாவில் உட்கார்ந்தார். "கொடுங்க கொடுங்க, பிள்ளைக்குப் பசிக்கும்ல, நான் வெயிட் பண்றேன்" என்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய், மூடின கமோடில் உட்கார்ந்து மிச்சப் பாலைக் கொடுத்தேன். வெளியே வந்தபோதும் அதே இடத்தில் இருந்தார். அந்த இடம்தான், மெத்தை அமுங்கியிருக்கிறதே, அது.

அதற்குப் பிறகு இவர் ஷிஃப்ட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து வர ஆரம்பித்தார். ஷிஃப்ட் போடுகிறவரே அவர்தானே. கை ஏதும் வைத்ததில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் முகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒன்றும் செய்ததில்லை. உட்கார்ந்திருப்பார். டம்ளரைக் கொடுத்தால் அவர் விரல் என் விரலை விட்டு விலகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். "ஒங்க கையில ஏதோ இருக்கு சிஸ்டர், டெல்வினுக்கு அதோட அருமை தெரியல" என்பார். டெல்வின் என்பது இவர்.

இவரிடம் சொன்னேன். சொல்லாமல் இல்லை. "அவரு ரெண்டு பொம்பளப் பிள்ளைக்குத் தகப்பன் எமி. தனியாக் கெடக்கற மனுஷன், வீடுன்னு ஒண்ணப் பாத்தா ஒக்காந்துட்டுப் போகத் தோணத்தான் செய்யும்" என்றார். அப்புறம், "இகாமா முடியட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கெட்டவர் இல்லை லாத்தா. கேம்ப்புக்குப் போவதே இல்லை இப்போது. அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ருசி கெட்டுப்போனால் ஜெயசிங் வரமாட்டார் என்று ஒருதரம் தோன்றியது. வேண்டுமென்றே கெடுத்துவிடலாம் என்று, கழுவாத பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தேன். ஊற்றப் போனேன். கை வரவில்லை. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன், திரும்பக் கொண்டுபோய்க் கழுவினேன். என்ன பிறவியோ நான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஜெயசிங் பெரிய அளவில் கேட்டார். பெரிய மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டதாம், சிநேகிதர்களுக்கு விருந்தாம். இன்றைக்கு. இன்றைக்குத்தான் லாத்தா, எட்டரைக்கு மேல் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். இவர் பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலையில் உள்ளே இருக்கிறார், போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். யாரிடம் சொல்வேன்?

குளிர் வந்ததே, அந்த வாரம் பார்த்து. கையுறை எழவே இல்லை. துவண்டு கேன் மேலே படுத்துக் கிடந்தது. புளித்து முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கவில்லை, நினைத்துக்கொள்ள விரும்பினேன். பாட்டிலில் ஊற்றி மூடினேன். ஜூஸ் வருமே, கம்பிக் கொக்கி போட்டு இறுக்குகிற கண்ணாடி பாட்டில், அது. நாலு நாள் கழித்து ஒன்றைத் திறந்தால் நுரையே இல்லை. இனிக்கிறது. இவர் போன் மேல் போன். "மாவு பொங்குச்சா? எமி, மாவு பொங்குச்சா? அந்த மனுஷன் கேக்கறாரு."

அன்றைக்குத்தான் மொட்டைமாடியில் துணி காயப்போட வந்தீர்கள். நினைவிருக்கிறதா? என் முகத்தைப் பார்த்து, "என்ன புள்ள வாடிக் கெடக்கே" என்றீர்கள். எனக்கு வாயில் வேறு வார்த்தை வரவில்லை. "மாவு பொங்கவே மாட்டேங்குது லாத்தா" என்றேன். சொன்னவுடன் அழுதும்விட்டேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "மாவுக்கா அழுவாங்க? குளிருக்கு எப்படிப் பொங்கும்? ஒரு கரண்டி சீனியப் போடு. கம்பளியால நல்லாப் போத்தி ஹீட்டர் பக்கத்துல வச்சிரு. வாய இறுக்க மூடு, காத்து போவக் கூடாது. காலையில பாரு, குதிச்சு வெளிய வரும்" என்று சொன்னீர்கள். கீழே போய்க் கம்பளியையும் கொடுத்தனுப்பினீர்கள். பச்சைக் கட்டம் போட்டது.

கெமிஸ்ட்ரி படித்தவளுக்குப் புத்தி எங்கே போச்சு என்று நீங்கள் கேட்கலாம். தெரியும் லாத்தா. மூடின பாட்டிலில் வாயு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் இத்தனை மாதத்தில் ஒருவர் என்னிடம், இப்படிச் செய், சரியாகிவிடும் என்று சொன்னது நீங்கள் ஒருத்திதான். அதை நான் சரியா தப்பா என்று பார்க்கவில்லை. நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் சீனி. இறுக்கமாகக் கொக்கி. கம்பளி. ஹீட்டர்.

இதோ. கேட்டீர்களா?

இது இரண்டாவது. பயப்படாதீர்கள், கதவு சாத்தியிருக்கிறது, இங்கே தெறிக்காது. ஹாரிஸுக்கு இதுவும் கேட்டிருக்கும். இரண்டு குக்கர் என்று சொல்ல முடியாது, ஏதாவது அடுக்கு சரிந்தது என்று சொல்லலாமா? பாத்திர அடுக்கு. நீங்களும் நானும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். உள்ளே இன்னும் நிறைய இருக்கிறது. போய்க் கொக்கியைத் திறந்துவிட்டால் வெடிக்காது, ஆனால் திறக்கும்போது கையிலேயே வெடித்தால் இவளை யார் பார்ப்பார்கள்?

பரீட்சை ஹால் சூப்பர்வைசர் மாதிரி என்னையே பார்க்கிறீர்கள். ஏதாவது சொல்லுங்கள் லாத்தா. திட்டவாவது செய்யுங்கள்.

எந்த ரூமிலா? அந்த ரூம்தான். ஹீட்டர் ஒன்றுதானே இருக்கிறது, அது அங்கேதான் இருக்கும். ஆமாம், செலின் ரூம். தொட்டிலுக்குப் பக்கத்தில். பக்கத்தில் என்றால் ஒரு முழம் தள்ளி. கம்பளி போர்த்தித்தானே வைத்தேன். அவளுக்குப் பகலில் மட்டும்தான் அங்கே தூக்கம்.

ஏன் அவளை என்னிடமிருந்து வாங்கிச் சட்டையை உதறுகிறீர்கள்? அடிபடவில்லை என்று சொன்னேனே. அடுக்களையில் என் இடுப்பில் இருந்தாள். தலையில் என்ன தேடுகிறீர்கள், பேன் இல்லை அவளுக்கு.

என்ன அது?

கையில் காட்டுங்கள்.

எங்கே இருந்தது? காலருக்குள்ளேயா?

அரிசி அளவுகூட இல்லை. பச்சையாய் இருக்கிறது. ஜூஸ் பாட்டில் பச்சைதான்.

லாத்தா, அவள் என் இடுப்பில் இல்லை. தொட்டிலில் இருந்தாள். சாயங்காலம் தூங்கினவள் எழுந்திருக்கவில்லை, சரி தூங்கட்டும், ஜெயசிங் வருகிற நேரத்துக்கு முழித்துக்கொண்டு அழ வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் அடுக்களையில் இருந்தேன். அவருக்குக் கொடுத்தனுப்ப அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். தொட்டில் வலை முழுக்க ஈரம், போர்வை முழுக்கத் துண்டு துண்டாய். கையை இப்படி விரித்துக்கொண்டு படுத்திருந்தாள், ஒரு நிமிஷம் அழக்கூட இல்லை. தூக்கி உதறினேன். முகத்தைத் துடைத்தேன், சட்டை மாற்றினேன், முடிக்குள் பார்க்கவில்லை. ரத்தம் எங்கேயும் இல்லை. எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் உங்கள் காலடி கேட்டது. நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ஊதுவத்தி கொளுத்தினேன். பிள்ளை உடம்பை முழுக்கத் தேடிப் பார்க்காமல் வாசத்துக்கு ஊதுவத்தி கொளுத்தினேன்.

கழுவின மாதிரி இருந்தது. கழுவவில்லை.

இன்னும் இருக்கிறதா பாருங்கள். காதுக்குப் பின்னால். கழுத்து மடிப்பில். அந்தப் பக்கம் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் பாருங்கள்.

மணி எட்டரை ஆகப்போகிறது. லிஃப்ட் ஏறுகிற சத்தம் கேட்கிறதா? இந்த மாடிக்கு இல்லாமலும் இருக்கலாம். அவர் லிஃப்ட்டில்தான் வருவார், படியேறினால் மூச்சு வாங்கும் அவருக்கு. வந்தால் தட்டமாட்டார். கைப்பிடியைத் திருகுவார். "மாவு ரெடியா சிஸ்டர்" என்பார். உங்களைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போனால் இகாமா போச்சு. ஹாரிஸ் வந்து பார்த்தால் எல்லாமே போச்சு. இவர் ஜெயிலுக்கு, நானும் இவளும் ஊருக்கு. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

எழுந்திருக்காதீர்கள் லாத்தா. போய்விடுவீர்கள் என்று தெரியும். எனக்காக நீங்கள் ஏன் பொய் சொல்ல வேண்டும், அதுவும் இதற்காக. உங்கள் செருப்பு வாசலுக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது, நான்தான் உள்ளே எடுத்துப் போட்டேன், யாரும் பார்க்கவேண்டாம் என்று. பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கொடுங்கள்.

ஏன் கொடுக்கமாட்டேன் என்கிறீர்கள்?

என்ன?

தாழ்ப்பாளா?

போடக்கூடாது என்று இவர்... போட்டால் அவர் தட்டுவார். தட்டினால் ஹாரிஸ்...

ஹாரிஸ் வந்தால் நீங்கள் பேசிக்கொள்கிறீர்களா? என்ன பேசுவீர்கள்? சரி. சரி லாத்தா, கேட்கவில்லை. "பொம்பளையும் பச்சப் புள்ளையும் இருக்கற வீடு, எந்த ஆம்பள ராத்திரியில வந்து கதவத் தட்டுறான்னு நான் கேக்கறேன் அவன்ட்ட. நீ போய் மொதல்ல அதப் போடு" என்கிறீர்கள். அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், லிஃப்ட் நின்றுவிட்டது. இந்த மாடிதான்.

ஊதுவத்திப் புகையில் தாழ்ப்பாளே தெரியவில்லை. எட்டுகிறது. அசையவில்லை லாத்தா, துரு. மூன்று மாதமாக யாரும் தொட்டதில்லை. கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்... நடக்கிற சத்தம் கேட்கிறது, அவர் ஷூதான், எனக்குத் தெரியும். பெட்டி ஏதோ தரையில் வைக்கிறார். தூக்கிப் பிடித்தேன். இருங்கள். இருங்கள்.

தாழ் விழுந்துவிட்டது.

கைப்பிடியைப் பாருங்கள் லாத்தா. கீழே இறங்குகிறது. மேலே வருகிறது. மறுபடியும் இறங்குகிறது.

கதவு அப்படியே இருக்கிறது.